ஹார்டு டிஸ்கில் கிடக்கும் படமெல்லாம் விற்கிற படம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், போட்டோவையும் ஓவியத்தையும் இணையத்தில் விற்று வீட்டிலிருந்தே சம்பாதிப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நான் சிவகாசியில் அச்சகங்களுக்கு டிசைன் வேலை செய்து கொடுத்துக்கொண்டே பல வருடங்களாக ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் மாதிரியான ஸ்டாக் தளங்களில், அதாவது விளம்பரக்காரர்களும் பத்திரிகைகளும் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இணையதளங்களில், படம் போட்டு வருகிறவன். இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் யாராவது ஒழுங்காக எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்திருந்ததால் ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். ஆனால் அதிலிருந்த ஒரு யோசனையைப் பார்த்ததும் பதறிப்போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் போட்டோகிராபர்கள், ஆல்பத்துக்குப் போக மிச்சமாகி ஹார்டு டிஸ்கில் சும்மா கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களை இந்தத் தளங்களில் ஏற்றிவிட்டால் தூங்கும்போதுகூடப் பணம் வரும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஐயா, யாரும் தயவுசெய்து இதைச் செய்துவிட வேண்டாம். நம் நாட்டின் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக, அவரிடம் காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் போடாதவரை, காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, இரவெல்லாம் கண்விழித்துக் கலர் சரிசெய்ததும் நீங்கள்தான், இருந்தாலும் பொண்ணு வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் அவர்களுடையது. காசுக்கு வரைந்து கொடுக்கும் உருவப்படத்துக்கும் இதே கதைதான். நிறையப் போட்டோகிராபர்களுக்கே இது தெரியாது. நான் சொன்னபோது நம்பாமல் என்னோடு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

சரி, உரிமை போட்டோகிராபருக்கே என்று எழுதி வாங்கியிருந்தாலும் அதோடு முடியவில்லை. படத்தில் ஒருவருடைய முகம் அடையாளம் தெரிந்தால், அந்தப் படத்தை விளம்பரத்துக்கு விற்க அவர் கையெழுத்துப் போட்ட மாடல் ரிலீஸ் என்ற சம்மதப் பத்திரம் வேண்டும். குழந்தை என்றால் அப்பாவோ அம்மாவோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். சில தளங்களில் சாட்சிக் கையெழுத்தும் கேட்கிறார்கள். மணமேடையில் ஒரே படத்தில் எத்தனை முகம் இருக்கும்? தாலி கட்டும் நேரத்தில் அட்சதை போடுகிற ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்து வாங்க முடியுமா? வாங்காமல் தாங்களே கிறுக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசடி, அதில் மாட்டினால் கணக்கு போவது மட்டுமில்லை, போலிக் கையெழுத்து என்று வழக்கும் வரும்.

இந்தப் பத்திரத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஸ்டாக் தளத்தில் ஒரு முகம் ஏறிவிட்டால் அப்புறம் அது எங்கே போகும் என்று எடுத்தவருக்கும் தெரியாது, முகத்துக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது. ஹங்கேரி நாட்டில் ஆன்ட்ராஷ் அராட்டோ என்று ஒரு மின் பொறியாளர் இருக்கிறார். ஒரு போட்டோகிராபர் அழைத்து எடுத்த ஸ்டாக் படங்களில் சும்மா சிரித்துக்கொண்டு நின்றவர். வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கும் ஹரால்டு என்று பேர் வைத்து உலகமே அவர் முகத்தை மீம் ஆக்கிவிட்டது. தன் படம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் பின்னால் அதை ஏற்றுக்கொண்டார், அதனால் நல்ல பேரும் வந்தது. அவர் விரும்பிப் படத்துக்கு நின்றவர். நம்மூரில் பந்தலில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒரு சித்தி, தன் முகம் ஏதோ ஒரு நாட்டில் கடன் கொடுக்கும் கம்பெனி விளம்பரத்தில் வரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? யாரிடம் போய்க் கேட்பார்?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி முறத்தில் அரிசி புடைப்பார். அந்தக் கை அசைவையும், உமி பறக்கும்போது கண்ணை லேசாகச் சுருக்கிக்கொள்வதையும் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படம் எடுப்பதற்கு முன்பே அவரிடமும் அவர் மகனிடமும் உட்கார்ந்து பேசினேன். இங்கிலீஷில் இருக்கும் அந்தப் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஆச்சி, இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், அரிசிக் கம்பெனிக்காரன் மூட்டையில் போடலாம், வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் போடலாம், எனக்கு இவ்வளவுதான் கிடைக்கும், உங்களுக்கு இவ்வளவு தருகிறேன், அப்புறம் வேண்டாம் என்று சொன்னால் தளத்திலிருந்து எடுத்துவிடுவேன், ஆனால் அதற்குள் வாங்கியவனிடமிருந்து திருப்பி வாங்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, நோய்க்காரி மாதிரி போட்டுவிட மாட்டார்களே என்பதுதான். நல்ல கேள்வி அது. படத்தில் இருப்பவரை நோயாளியாகவோ மருந்து சாப்பிடுகிறவராகவோ காட்டக் கூடாது என்று, படம் வாங்குகிறவருக்குத் தரும் லைசென்ஸ் என்ற பயன்பாட்டு அனுமதியின் விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இந்தத் தளங்களுக்குப் படம் எடுப்பதில் பாதி வேலை இந்த மாதிரி உட்கார்ந்து பேசுவதுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முகம் இல்லாத படம்தானே, தெருவை எடுக்கிறேன் என்கிறீர்களா? நம்மூர் டீக்கடை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாய்லர் ஆவி, வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், ஓரமாக நிற்கிற மொபட், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே தொங்குகிற ஷாம்பு பாக்கெட் சரத்தில் கம்பெனிப் பெயர், பிஸ்கட் பாட்டிலில் பெயர், மொபட்டில் லோகோ, சுவரில் கட்சிச் சின்னம், பக்கத்தில் பிறந்தநாள் ஃபிளெக்ஸில் நடிகர் முகம் என்று எல்லாம் இருக்கும். விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் இதில் ஒன்று தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தனையையும் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாள் பொழுது போய்விடும், அழித்த பிறகு பார்த்தால் அது நம்மூர் டீக்கடையாகவும் இருக்காது. அதனால் டம்ளரையும் ஆற்றுகிற கையையும் மட்டும் நெருக்கமாக எடுப்பது ஒரு வழி. செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எடிட்டோரியல் பிரிவில் போடுவது இன்னொரு வழி.

ஜல்லிக்கட்டு, தேர்த்திருவிழா, மெரினா கூட்டம் மாதிரியானவற்றுக்கு அந்த எடிட்டோரியல்தான் சரி. கையெழுத்து தேவையில்லை, ஆனால் விளம்பரத்துக்குப் போகாது, பத்திரிகைக்கும் பாடப் புத்தகத்துக்கும்தான் போகும். ஊர், நாடு, தேதி, என்ன நடக்கிறது என்பதை ஒரு செய்தி மாதிரி எழுத வேண்டும், பாலமேடு, இந்தியா, 2024 ஜனவரி 16 என்று ஆரம்பிக்க வேண்டும். படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. கோயில் கோபுரத்தையும் பொது இடத்தில் நிற்கும் சிலையையும் படம் எடுக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் கோயிலுக்குள்ளே போய் எடுப்பது வேறு விஷயம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொல்லியிருக்கிறது. தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் டிரைபாடு வைப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையில் மாதம் லட்சக்கணக்கில் என்று போட்டிருந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டில் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்கிய ஏஜென்சிகள்தான் இருந்தன. 2000இல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்போட்டோ (ஐஸ்டாக்) என்ற தளம் ஆரம்பித்தது. 2003இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கை ஆரம்பித்தார். அங்கிருந்துதான் சில்லறை விலைக்கு, மாதச் சந்தாவுக்கு, படம் என்ற நிலை வந்தது. ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் என்ற பெரிய பட ஏஜென்சி 2006இல் 5 கோடி டாலருக்கு வாங்கியது, ஃபோட்டோலியா என்ற இன்னொரு ஸ்டாக் தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்கித்தான் அடோபி 2015இல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. கம்பெனிகள் இவ்வளவு விலைக்குப் போயின. படம் தருகிறவர்களின் பங்கு என்னவாயிற்று?

2020 ஜூன் 1ஆம் தேதி முதல் ஷட்டர்ஸ்டாக் பங்கு கொடுக்கும் முறையை மாற்றியது. வருடத்தில் முதல் 100 டவுன்லோடு வரை உங்கள் பங்கு 15 சதவீதம். படிப்படியாக ஏறி, 25,000 தாண்டினால்தான் 40 சதவீதம். கஷ்டப்பட்டு ஏறி வந்த படி, அடுத்த ஜனவரி 1ஆம் தேதி எல்லோருக்கும் மறுபடி கீழே இறங்கிவிடும். சந்தாக்காரர் டவுன்லோடு செய்தால் குறைந்தபட்சமாக 10 சென்ட், அதாவது நம் காசுக்கு எட்டு ஒன்பது ரூபாய் கிடைக்கும். அந்த நேரத்தில் உலகம் முழுக்க நிறையப் பேர் தங்கள் படங்களை மொத்தமாக மறைத்துவைத்து எதிர்ப்புக் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ்டாக்கில் வேறு தளங்களிலும் போடுகிறவர்களுக்குப் போட்டோவில் 15 சதவீதம்தான். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் 33 சதவீதம் தருகிறார்கள், என் அனுபவத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பரவாயில்லை. ஒரு டவுன்லோடுக்கு 33 சென்ட் என்று வைத்துக்கொண்டாலும், பணத்தை எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையான 25 டாலரைத் தொட 76 டவுன்லோடு வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அதற்கே பல மாதங்கள் ஆகலாம்.

இதைச் சொல்வது யாரையும் விரட்டுவதற்காக இல்லை. மாதச் சம்பளம் மாதிரி நினைத்து இறங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தென்னங்கன்று வைத்த மாதிரிதான் இது, வைத்தவருக்குப் பொறுமை வேண்டும், காய்க்க ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். நான் எப்போதோ வரைந்த குத்துவிளக்குப் படம் இன்றைக்கும் எங்கேயாவது ஒருவருக்குத் தேவைப்படுகிறது, சில்லறை வந்து விழுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தளங்கள் உங்கள் படத்தின் உரிமையை எழுதி வாங்குவதில்லை. பயன்படுத்தும் அனுமதியைத்தான் விற்கிறார்கள், படம் உங்களுடையதாகவே இருக்கும், அதையே வேறு தளத்திலும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சிவகாசிக்காரனுக்கு இதன் அருமை தெரியும். 1976இல் மறைந்த காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டரில் ஏறி எத்தனை லட்சம் வீட்டுச் சுவரில், பூஜை அறையில் இருந்தன, இன்றும் இருக்கின்றன! அந்தக் காலத்து ஓவியங்கள் பெரும்பாலும் ஒரு விலைக்குக் கைமாறியதோடு சரி. மறுபடி மறுபடி அச்சானபோது வரைந்தவர் கைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த ஓவியர்களுக்குக் கிடைக்காத உரிமை இன்று செல்போன் வைத்திருக்கும் ஒரு பையனுக்குக் கிடைக்கிறது. அதன் மதிப்பைச் சொல்லிக் கொடுக்காமல், தூங்கும்போது பணம் வரும் என்று மட்டும் சொல்வது நியாயமா?

வரி விஷயமும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிகளிடம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை உங்கள் பான் எண்ணோடு நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அமெரிக்க வாடிக்கையாளர்கள் மூலம் வரும் ராயல்டியில், அதாவது உங்கள் பங்குத் தொகையில், 30 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள். கொடுத்தால் இந்திய, அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான். இங்கே வருமான வரி கட்டும்போது அந்தப் பிடித்தத்தைக் காட்டிக் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள். பணம் பேபால், பயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவைகள் வழியாக வங்கிக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தத் தளங்களில் சேர ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பயிற்சி மையம் கணக்குத் திறந்து கொடுப்பதற்கும் வகுப்புக்கும் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஐடிஐ முடித்தவன், அம்மாவின் குழுக் கடனில் எடுத்துக் கட்டினான். அங்கே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது, இலவசமாகப் படம் கிடைக்கும் தளங்களிலிருந்து இறக்கி, கலரை மாற்றி, இடவலமாகத் திருப்பி, தன் படம் என்று ஏற்றுவது. இரண்டு தளங்களில் அவன் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அடையாள அட்டை கொடுத்துத் திறந்த கணக்கு, இனி அவன் பேரில் அங்கே திறக்க முடியாது. பையன் நன்றாக வரைகிறவன் ஐயா. அவனுடைய பென்சில் கோடுகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வராத வளைவு அவனுக்கு வரும். அந்த மையத்துக்காரர்களைக் கேட்டால் விதிமுறையைப் படிப்பது மாணவர் பொறுப்பு என்கிறார்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போவார்களோ என்பதுதான் என் கவலை.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கட்டுரையில், இப்போது வரையவே தெரிய வேண்டாம், கம்ப்யூட்டரே வரைந்து தரும், அதை ஏற்றிச் சம்பாதியுங்கள் என்று இருந்தது. எல்லாத் தளமும் அதை ஏற்பதில்லை. கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரிலேயே அப்படிப்பட்ட படங்களுக்குத் தடை போட்டுவிட்டது. ஷட்டர்ஸ்டாக் வெளியாட்களிடமிருந்து வாங்குவதில்லை. அடோபி ஸ்டாக் வாங்குகிறது, ஆனால் அது செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று குறித்துத்தான் அனுப்ப வேண்டும். இதன் இன்னொரு பக்கம்தான் எங்களுக்கு முக்கியம். ஷட்டர்ஸ்டாக் 2022 அக்டோபரில் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியோடு கூட்டு என்று அறிவித்தது. படம் உருவாக்கித் தரும் அடோபியின் ஃபயர்ஃபிளை 2023 மார்ச்சில் வந்தபோது அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டுதான் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார்கள். எங்கள் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எங்களுக்கே போட்டியாக வந்து நிற்கிறது. அதற்காக ஒரு தொகை தருகிறார்கள்தான், ஆனால் எதற்கு எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்த்துக் கேட்க வழியில்லை. ஷட்டர்ஸ்டாக் கணக்கில் என் படத்தைப் பயிற்சிக்குத் தர விருப்பமில்லை என்று அணைத்துவைக்க ஒரு வசதி இருக்கிறது, புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே செட்டிங்கில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகப் போவதாக அறிவித்தார்கள். கடை குறையக் குறைய விலை பேசும் பலம் நமக்குக் குறைந்துகொண்டே போகும்.

அப்படியென்றால் நம்மவர்கள் எதை வைத்து நிற்பது என்று கேட்பீர்கள். என் பதில், நம் ஊரை வைத்துத்தான். ஸ்டாக் தளங்களில் பொங்கல் என்று தேடிப் பாருங்கள், மனசு கஷ்டப்படும். கரும்பு மூங்கில் கணக்காக நிற்கும், பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இலைக் கொத்து, மூன்று கல் அடுப்பு எங்கே என்றே தெரியாது. தமிழ் எழுத்து இருந்தால் அது உடைந்திருக்கும். பொங்கல் என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு தனியாக, காலும் தனியாக, நடுவில் ப தள்ளாடிக்கொண்டு நிற்கும். அதை அப்படியே வாங்கி நம் ஊர்க் கடைக்காரர்களே வாழ்த்து ஃபிளெக்ஸ் அடித்து ரோட்டில் கட்டுகிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் எடுத்த எடுப்பில் தமிழைத் தட்டினால் எழுத்து உடையத்தான் செய்யும். பிரிஃபரன்ஸில் இந்திய மொழிகளுக்கான இண்டிக் வசதியைத் திறந்து, எழுத்தைக் கோத்துத் தரும் தெற்காசிய மொழிக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் எழுத்தை அவுட்லைன் என்ற வெறும் வடிவமாக ஆக்கி, இபிஎஸ் 10 என்ற கோப்பு வகையில் சேமிக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் செய்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் எவ்வளவு பெரிய டிசைனராக இருந்தாலும் தப்பு எங்கே என்றே அவருக்குத் தெரியாது.

பொங்கல் படம் பொங்கல் சமயத்தில் போட்டால் பிரயோஜனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரக் கம்பெனிகள் இரண்டு மூன்று மாதம் முன்பே தேட ஆரம்பித்துவிடுவார்கள், ஐப்பசியிலேயே ஏற்றியிருக்க வேண்டும். கீவேர்டு, அதாவது படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சொல், கொடுப்பதிலும் யோசனை வேண்டும். மும்பையிலோ லண்டனிலோ இருந்து தேடுகிறவர் முறம் என்று தேட மாட்டார், வின்னோயிங் பாஸ்கெட் என்றுதான் தேடுவார். அந்த இங்கிலீஷ் சொல்லையும் போடுங்கள், கூடவே முறம் என்பதையும் இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வையுங்கள், தெரிந்தவர் தேடினால் நேராக உங்களிடம் வருவார். ஷட்டர்ஸ்டாக்கில் 50 கீவேர்டு வரை இடம் உண்டு, அதற்காகப் படத்தில் இல்லாததையெல்லாம் போட்டு நிரப்பாதீர்கள். உப்பளம், பனையேறுகிறவர், தீப்பெட்டி ஒட்டும் கைகள், கருவாடு காயும் மணல், கரகாட்டத்துக்கு ஒப்பனை போடும் நேரம் என்று நம் பக்கத்தில் இருக்கும் எத்தனையோ விஷயங்களுக்கு, சரியாக, கேட்டு, மரியாதையோடு எடுத்த படங்கள் குறைவாகத்தான் இருக்கின்றன. புல் வெளியில் லேப்டாப்போடு சிரிக்கும் ஆள் படத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை, அதில் போய்ப் போட்டி போட வேண்டாம்.

கடைசியாக வாங்குகிறவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் அச்சகங்களுக்கு நேரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாதாரண லைசென்ஸில் 5 லட்சம் பிரதி வரை அச்சடிக்கலாம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, விற்பனைக்குப் போகும் காலண்டரிலும் நோட்டு அட்டையிலும் அதே லைசென்ஸில் போடுகிறார்கள். விற்கிற பொருளிலேயே படம் இருந்தால் அதற்குக் கூடுதல் லைசென்ஸ் வாங்க வேண்டும். காசு கொடுக்காத படத்தின் மேல் தளம் போட்டிருக்கும் வாட்டர்மார்க் என்ற குறியை அழித்துப் போடுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது.

உங்களிடமும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டுரையோடு வந்திருந்த நான்கு படங்களின் கீழும் ‘படம்: இணையம்’ என்று போட்டிருந்தது. இணையம் கேமரா பிடிக்காது ஐயா, அந்த நான்கையும் யாரோ நான்கு பேர் எடுத்திருக்கிறார்கள். படைத்தவருக்குத் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டு என்று 57ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் நிருபர் பெயர் வருகிறது, துணுக்கு எழுதியவர் பெயர்கூட வருகிறது, படத்துக்கு மட்டும் ஏன் இப்படி? வாங்கிய படம் என்றால் ஏஜென்சி பெயரும் எடுத்தவர் பெயரும் போடுங்கள். இலவசப் படம் என்றாலும் எடுத்தவர் பெயரைப் போடுவதற்கு என்ன செலவு? மாவட்டம்தோறும் இருக்கும் வாசகர்களிடமிருந்து நேரடியாகப் படம் வாங்கி ஒரு சிறு தொகை கொடுத்தால்கூட, எட்டு ரூபாய்க்கு நியூயார்க்குக்கு அனுப்புவதைவிட எங்களுக்கு அது பெரிது.

வருகிற ஞாயிறு இணைப்பிலேயே, கல்யாணப் படங்களை ஏற்றச் சொன்ன அந்தப் பத்திக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால், தளத்திலிருந்து உடனே நீக்கிவிட்டு அந்தக் குடும்பத்திடம் போய்ப் பேசச் சொல்லுங்கள். மாடல் ரிலீஸ் பத்திரத்தைத் தமிழில் எளிமையாக எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து வாங்குவதற்கு முன் படித்துக் காட்டுவதற்காக. வெளியிட விரும்பினால் அனுப்பித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிவகாசி